ஆயாவுக்குப் படித்துக் காட்டிய பெரிய எழுத்துப் புத்தகம்

"சார், ரொம்ப நாளா ஒண்ணும் எழுதலையே" என்று மாணவர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். கண் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் போனைப் பார்க்க டாக்டர் அனுமதித்தார். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜூலையில் நம் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். மராட்டியர் கோட்டைகள் என்று 12 கோட்டைகளைச் சேர்த்தார்கள். அதில் தமிழ்நாட்டில் இருப்பது நம்முடையது ஒன்றுதான். கோட்டை வாசலில் ஒரு நாள் வெளியூர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் என்னிடம், "ஐயா, தேசிங்கு ராஜா கதைப் புத்தகம் இங்கே எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார்கள். தொப்பி கிடைக்கும், வெள்ளரிக்காய் கிடைக்கும். புத்தகத்துக்கு எந்தக் கடையைக் காட்டுவது? பதில் சொல்ல முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் நான் நாலாவது படிக்கும்போது மேல்மலையனூர்த் திருவிழாவில் கோணி விரித்துப் புத்தகம் விற்றவரிடம் பேரம் பேசி வாங்கிய புத்தகம் அவர்களுடையது: பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை. பக்கத்தில் நல்லதங்காள், விக்கிரமாதித்தன், அல்லி அரசாணி எல்லாம் அடுக்கியிருந்தன. ராத்திரி சிம்னி விளக்கு வெளிச்சத்தில் நான் படிக்க வேண்டும். தெருவில் நாலு கிழவிகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தூக்கத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டால் ஆயா கண்டுபிடித்துவிடும். "டேய், சிங்கவரம் சாமி மூஞ்சைத் திருப்பிக்கிட்டது எங்கடா?" என்று அதட்டும். கதை முழுக்க அவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். பிறகு எதற்குக் காசு கொடுத்துப் புத்தகம்? அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்தப் புத்தகங்கள் வந்த வழியைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். 1835-க்குப் பிறகுதான் நம்மவர்கள் தடையில்லாமல் அச்சகம் வைக்க முடிந்தது. அதன் பிறகு சென்னையில் பூங்காநகர்ப் பக்கம் குஜிலிக் கடைத்தெருவில் மலிவுப் புத்தகங்கள் குவிந்தன. காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள். ரயில் விபத்து, கொலை, பஞ்சம் என எது நடந்தாலும் சுருக்கப் பாட்டாக அச்சாகிவிடும். தெருமுனையில் பாடிக்கொண்டே விற்பார்கள். இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்ற பதிப்பகத்தார் பழைய கதைகளைப் பெரிய எழுத்தில், படங்களோடு போட்டார்கள். கூட்டெழுத்தாகப் படிக்கிறவனுக்கும் விளக்கு வெளிச்சத்தில் படிக்கிறவனுக்கும் அந்த அளவு எழுத்துதான் சரி. பண்டிதர்கள் இவற்றைப் புத்தகமாகவே மதிக்கவில்லை. ஆனால் புத்தகக்கடைப் படியே ஏறாத எங்கள் ஆயாவிடம், கடை கோணிச் சாக்கில் வந்து சேர்ந்தது.

தேசிங்கின் மறுபக்கத்தையும் ஒரு பழைய புத்தகக் கடைதான் காட்டியது. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த காலத்தில் சென்னை மூர் மார்க்கெட்டுக்குப் போனேன். கடைக்காரர் "எந்த ஊர் தம்பி?" என்றார். செஞ்சி என்றதும் உள்ளே போய், சி.எஸ்.சீனிவாசாச்சாரியார் எழுதி 1943-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செஞ்சி வரலாற்றை எடுத்து வந்தார். நான் கேட்கவே இல்லை! முழுக்க ஆங்கிலம். அகராதியோடு ஒரு கோடை முழுக்கப் படித்தேன். கதையில் டெல்லிக் குதிரையை அடக்கிய வீரன், இதில் கோட்டைத் தலைவர் சொரூப்சிங்கின் மகன் தேஜ்சிங். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கேட்ட பாக்கிப் பணத்தில் தொடங்கிய தகராறு 1714-ல் சண்டையில் முடிந்தது. செஞ்சியை அவர் ஆண்டதே சில மாதங்கள்தான். எத்தனையோ ஆண்டுகள் ஆண்டவர்கள் பெயர் நமக்குத் தெரியாது, சில மாத ராஜா நம் வாயில் இருக்கிறார். அது அந்தக் கோணிக்கடைக்காரர்கள் செய்த வேலை என்றுதான் நான் நினைக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் கதை ஒரு பக்கம், வரலாறு ஒரு பக்கம் என்று கரும்பலகையில் கோடு போட்டு எழுதுவேனே, அது இப்படி வந்ததுதான்.

1900-ல் திறந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீயில் போனது. செய்தியைப் பேப்பரில் பார்த்ததும் அந்தக் கடைக்காரர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் கடைவீதியில் ஒருவர் சின்னதாகப் புத்தகக்கடை வைத்திருந்தார். பெயர் வேண்டாம். நின்றபடியே படிக்கிற பிள்ளைகளை அவர் விரட்டியதில்லை. உங்களில் சிலர் அங்கே நின்றவர்கள்தான். அவர் கதைப் புத்தகங்களைக் குறைத்து நோட்ஸ், கைடு என்று மாறினார், பிறகு கடையையே மூடினார். "வாத்தியார்களே வாங்கலைன்னா யார் சார் வாங்குவாங்க?" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டார். அந்த வருஷம் நான் அவரிடம் வாங்கியது சிவப்பு மைப் பேனா இரண்டு. அதை இன்றும் மறக்க முடியவில்லை.

ஆயாவின் புத்தகம் வீடு மாற்றும்போது எங்கோ போய்விட்டது. உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில் பெரிய எழுத்துத் தேசிங்கு கதை இருந்தால், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். யாராவது நம் ஊரில் கடை வைக்கும் எண்ணத்தில் இருந்தாலும் சொல்லுங்கள். பென்ஷனில் மாதம் ஒரு புத்தகம் கட்டாயம் வாங்குவேன்.