தழும்பில் பாதி ஒரு மாட்டு டாக்டருடையது

இடது தோளுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சின்ன வட்டத் தழும்பு. உங்களில் பலருக்கும் இருக்கும், பி.சி.ஜி. ஊசி போட்ட இடம். இந்தப் பேரில் 'சி' என்பது ஆல்பெர் கால்மெத், மனித மருத்துவர். 'ஜி' கமீய் கெரென். அவர் கால்நடை மருத்துவர், அப்பாவைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்த 'ஜி' யாருன்னு நாம கேட்டதே இல்லை, இல்லையா?

1901ல் லண்டன் மாநாட்டில் ராபர்ட் கோஹ், மாட்டுக் காசத்தால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார். கிருமியைக் கண்டுபிடித்தவரே சொன்னால் யார் மறுப்பது? ஆனாலும் மறுத்தார்கள். பிரிட்டன் ஒரு ராயல் கமிஷனே போட்டது. பால் வழியாக அது மனிதருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, வரும் என்று 1911ல் கமிஷன் முடிவு சொன்னது.

அதற்குள் லீல் நகரில் வேலை ஆரம்பமாகிவிட்டது. மடிநோய் வந்த ஒரு பசுவிடமிருந்து எடுத்த கிருமி அது. உருளைக்கிழங்கில் வளர்த்தார்கள். கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளவும், பிரிப்பதற்காக மாட்டுப் பித்தநீரைக் கலந்தார்கள். கலந்த பிறகுதான் கிருமியின் வீரியம் குறைவது தெரிந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை புது ஊடகத்துக்கு மாற்றணும். 1908ல் தொடங்கி 13 வருஷம், ஏறக்குறைய 230 முறை! நடுவில் முதல் உலகப்போர், ஊரே ஜெர்மானியர் கையில். உருளைக்கிழங்கு விலை ஏறிவிட்டது. இறைச்சிக் கூடத்திலிருந்து பித்தநீர் வாங்கிக் கொடுத்தது எதிரிப் படையின் கால்நடை மருத்துவர்கள்தானாம். எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த இடம் இது. 1921ல் பாரிஸில் ஒரு பச்சிளங்குழந்தைக்கு முதல்முறையாக, வாய்வழியே கொடுத்தார்கள்.

இனி நம்ம ஊர். கிண்டியில் 1948லேயே பி.சி.ஜி. தயாரிப்புக் கூடம் வந்துவிட்டது. 1955ல் ராஜாஜி இந்த ஊசியை எதிர்த்து எழுதினார். அது தனிக் கதை, இன்னொரு நாள் பார்ப்போம்.

செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் இப்போது ஷிப்ட் பஸ்களும் கார் ஆலைகளும். அன்று இதெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். உலகக் காசநோய்ப் புத்தகங்களில் 'சிங்கிள்புட்' என்று வருவது இந்த மாவட்டம்தான். 1968ல் அதன் ஒரு பகுதியில், 209 கிராமங்களிலும் 9 நகரங்களிலும், ஐ.சி.எம்.ஆரும் உலக சுகாதார நிறுவனமும் மாபெரும் பரிசோதனை தொடங்கின. அங்கே மக்கள்தொகை சுமார் 3,60,000. ஒரு பகுதியினருக்கு உண்மையான தடுப்பூசி, மற்றவர்களுக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது.

ஏழரை வருஷக் கணக்கு 1979ல் வெளிவந்தது. நுரையீரல் காசத்திலிருந்து பாதுகாப்பு? இல்லை. பதினைந்து வருஷக் கணக்கிலும் பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை, குழந்தைகளுக்குக் கொஞ்சம். பச்சைக் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசத்திலிருந்து காப்பதால்தான் இன்றும் போடுகிறோம்.

ஏன் தோற்றது? அங்குள்ள பெரியவர்களில் அனேகமாக எல்லோருக்கும், பறவைக் காசக் கிருமியின் உறவுக்காரக் கிருமிகளுக்கான தோல் சோதனையில் தடிப்பு வந்தது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்பவை அவை. உடம்பு ஏற்கெனவே அவற்றோடு பழகிவிட்டதால் ஊசிக்கு வேலையில்லாமல் போயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். சர்ச்சை இன்னும் முடியவில்லை.

2020ல் வெளியான வேலூர் சி.எம்.சி. ஆய்வில் இன்னொரு திருப்பம். மாட்டிலிருந்து மனிதருக்கு வரும் காசம் என்றால் 'போவிஸ்' கிருமி என்றுதானே பாடம்? நோயாளிகளின் 940 மாதிரிகளில் தேடியபோது மாட்டின் அந்தக் கிருமி அகப்படவில்லை. சிலரிடம் இருந்தது 'ஓரிஜிஸ்' என்கிற வேறொன்று. சென்னை மாடுகளிடமும் அதைக் கண்டெடுத்திருக்கிறார்கள்.