மடத்து அலுமாரியில் பழைய உடுப்பு

ஐரோப்பாவுக்கு வந்த எங்களிற் பலர், கொண்டுவந்த சூட்கேசை நெடுநாளாக முற்றிலும் காலியாக்கவில்லை. திரும்பிப் போகும்போது உடுக்கவென்று ஒரு சோடி உடுப்பாவது அதற்குள் மடித்து வைத்திருந்தோம். ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே கண்டத்தில் துறவிகளுக்கென எழுதப்பட்ட ஒழுங்குநூலிலும் அப்படியோர் உடுப்பு வருகிறது.

அதை எழுதியவர் இத்தாலியின் நூர்சியாவிற் பிறந்து, மொன்ரே கசினோ மலையில் மடம் அமைத்த பெனடிக்ற். தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்பர். நூலின் 73 அதிகாரங்களில் 58ஆவது, புதிதாக வருபவரை ஏற்கும் முறையைச் சொல்கிறது. வந்தவுடன் கதவு திறக்கப்படுவதில்லை. நாலைந்து நாட்கள் அவர் பொறுமையோடு தட்டிக்கொண்டு நிற்கவேண்டும். பின்னர் சில நாட்கள் விருந்தினர் அறை. அதன்பின் நவதுறவியர் பகுதி. அங்கே மூத்த துறவி ஒருவர் அவரைக் கவனித்து வருவார். இரண்டு மாதம் கழிந்ததும் ஒழுங்குநூல் முழுவதும் அவருக்கு வாசித்துக் காட்டப்படும். இயலுமானால் இருக்கலாம், இயலாவிடின் தடையின்றிப் போகலாம். ஆறு மாதத்தின் பின் மீண்டும் வாசிப்பு. மேலும் நாலு மாதத்தில் மூன்றாம் முறை. ஆக, ஒரு வருடம்.

அதற்குப் பிறகே வார்த்தைப்பாடு: நிலைத்திருத்தல், துறவுக்கேற்ற வாழ்வு, கீழ்ப்படிதல். அதைத் தன் கையால் எழுதிப் பீடத்தின்மேல் வைப்பார். உடுத்து வந்ததைக் களைந்து மடத்து உடுப்பை அணிவார். களைந்த உடுப்பை எறிவதில்லை. என்றோ ஒருநாள் அவர் வெளியேற நேர்ந்தால் கொடுப்பதற்காக, அது மடத்து அலுமாரியில் இருக்கும். எழுதிக் கொடுத்த கடிதம் மட்டும் திரும்பக் கிடையாது. விலகிப் போனவர் திருந்தி வந்தால், மூன்று தடவை வரை ஏற்கலாம் என்கிறது 29ஆம் அதிகாரம்.

ஆயுட்கால வாக்குக் கேட்பவர்கள் வெளியேறுபவரின் உடுப்பையும் பாதுகாத்தார்கள் என்பது எம்மை யோசிக்க வைத்தது. போகலாம் என்று அறிந்தும் இருப்பவரின் வாக்கே வாக்கு என்பது அதன் பொருள் என நினைக்கிறோம்.

ஆனால் அடுத்த அதிகாரமே இதற்கு மாறானது. பெற்றோர் தம் சிறுபிள்ளையை மடத்துக்கு ஒப்புக்கொடுக்கலாம். பிள்ளையின் கையைப் பீடத்துணியிற் சுற்றி, கடிதத்தைப் பெற்றோரே எழுதுவர். பரீட்சைக் காலம் இல்லை. யேர்மனியின் புல்டா மடத்தில் இப்படி விடப்பட்ட கொட்ஷால்க் என்ற சக்சன் பிரபுவின் மகன், வளர்ந்தபின் தன்னை விடுவிக்குமாறு 829இல் மைன்ஸ் ஆயர் மன்றத்தில் முறையிட்டான். மன்றம் இணங்கியது. மடாதிபதி ஹிரபானுஸ் மௌருஸ் கடுமையாக எதிர்த்தார். பெற்றோரின் ஒப்புக்கொடுத்தல் பிள்ளையையும் கட்டும் என்று வாதிட்டு ஒரு நூலே எழுதினார். கொட்ஷால்க் புல்டாவை விட்டான். எனினும் பின்னர் பிரான்சின் ஓர்பே மடத்திலே துறவியாகவே இருந்தான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிஸ்ரேர்சியத் துறவியர் சிறுவரை ஏற்க மறுத்தனர். 1857இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர், ஆண்துறவியர் சிறப்பு வார்த்தைப்பாட்டுக்கு முன்னர் மூன்று வருடம் எளிய வார்த்தைப்பாட்டில் இருக்கவேண்டும் என்றார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி நவதுறவுக்குப் பின் தற்காலிக வார்த்தைப்பாடு மூன்று முதல் ஆறு வருடம்; தேவையானால் மொத்தம் ஒன்பது வருடம் வரை நீட்டலாம். மொத்தத்தில் பார்த்தால், பரீட்சைக் காலம் அன்றைவிட இன்று நீண்டே இருக்கிறது.

எம்மையும் கதவுக்கு வெளியே நிற்க வைத்தார்கள். நாலைந்து நாட்களல்ல, வருடக்கணக்கில். விசாரித்தார்கள், தற்காலிக விசா தந்தார்கள். ஆனால் மடத்திற் பரீட்சை இரு பக்கமும் நடந்தது: மடம் அவரைப் பார்த்தது, அவரும் மடத்தைப் பார்த்தார். எம்மிடம், உங்களுக்கு இந்த இடம் பிடிக்கிறதா என்று எவரும் கேட்கவில்லை. போக இடமில்லாதவரிடம் அதைக் கேட்டுப் பயனுமில்லை.

எங்கள் பிள்ளைகளோ கொட்ஷால்க்கின் நிலையில் இருப்பவர்கள். கையைப் பிடித்துக் கூட்டி வந்தோம், அல்லது இங்கேயே பெற்றோம். மொழியையும் ஊரையும் கேளாமலே ஒப்புக்கொடுத்தோம். பிறகு ஊர் வேண்டாம் என்றாலும் கோபிக்கிறோம், இந்த நாடு வேண்டாம் என்றாலும் கோபிக்கிறோம். அவர்கள் முறையிடும்போது நாம் புல்டாவின் மடாதிபதியாக நிற்கக்கூடாது. அவர்களுக்கும் ஒரு பரீட்சைக் காலம் வேண்டும். எதைத் தெரிந்தாலும், மற்ற உடுப்பை எறியாமல் வைத்திருப்போம்.