உடலில் மருந்து தங்கும் நேரம்: பெனிசிலின் வரலாற்றின் மறுபக்கம்

பெனிசிலின் என்றவுடன் 1928ஆம் ஆண்டும், இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையும், அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் ஆய்வுத் தட்டில் படர்ந்த பூஞ்சையும் மாணவர் நினைவுக்கு வருகின்றன. தேர்வு வினாக்களும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால், ஒரு மருந்தைக் கண்டறிவது வேறு. அது உடலுக்குள் எவ்வழியே நுழைகிறது, குருதியில் எவ்வளவு நேரம் தங்குகிறது, எவ்வழியே வெளியேறுகிறது என்று அறிவது வேறு. இரண்டாவது அறிவு வாய்க்காதவரை முதலாவது அறிவு நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்வதில்லை. அந்த இரண்டாவது அறிவு வளர்ந்த வரலாற்றையே இவ்வுரை எடுத்துரைக்கிறது.

ஃபிளெமிங்கால் தாம் கண்ட பொருளைத் தூய்மைப்படுத்த இயலவில்லை. அப்பணியை ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோர் அடங்கிய குழு மேற்கொண்டது. 1940 மே 25 அன்று எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தி, அவற்றுள் நான்கிற்கு மட்டும் பெனிசிலின் தந்தனர். மறுநாள் காலை மருந்து பெற்ற நான்கும் உயிருடன் இருந்தன. பெறாத நான்கும் இறந்துகிடந்தன.

எலியின் உடலுக்குப் போதுமானது மனித உடலுக்குப் போதுமா? 1941 பிப்ரவரி 12 அன்று ராட்கிளிஃப் மருத்துவமனையில் அதற்கான சோதனை வந்தது. ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் 43 வயதுக் காவலரின் முகமெங்கும் சீழ் பரவியிருந்தது. ஒரு கண்ணை ஏற்கெனவே அகற்றியிருந்தனர். மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை ஊசி வழியாக மருந்து செலுத்தப்பட்டது. காய்ச்சல் தணிந்தது, பசி எடுத்தது. ஆனால், ஐந்தாம் நாளில் கையிருப்பு தீர்ந்தது. அவரது சிறுநீரைச் சேகரித்து ஆய்வகத்திற்கு எடுத்துச் சென்று, அதில் கலந்திருந்த பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் அவருக்கே செலுத்தியும் பார்த்தனர். அதுவும் போதவில்லை. மார்ச் 15 அன்று அவர் உயிர் பிரிந்தது.

மருந்து பலிக்காததால் அவர் இறக்கவில்லை. மருந்து தங்காததால் இறந்தார். பெனிசிலினை வாய்வழியே கொடுத்தால் இரைப்பை அமிலம் அதைச் சிதைத்துவிடும். ஊசியால் குருதியில் சேர்த்தாலோ, சிறுநீரகங்கள் அதை வடிப்பதோடு நில்லாமல் விரைந்து வெளியே தள்ளவும் செய்யும். சில மணி நேரத்திற்குள் மருந்தின் பெரும்பகுதி உடலைவிட்டு நீங்கிவிடும். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் நிலைதான் அது. அதனாலேயே ஆக்ஸ்ஃபோர்டு குழுவினர் அடுத்து, குறைந்த மருந்தே போதுமான குழந்தைகளிடம் தம் கவனத்தைத் திருப்பினர்.

குடத்தின் ஓட்டையை அடைக்கும் வழிகளை அறிவியலாளர் பிறகு ஒவ்வொன்றாகத் தேடினர். 1944இல் நிலக்கடலை எண்ணெயிலும் தேன்மெழுகிலும் மருந்தைக் கலந்து தசையில் செலுத்தி, அது மெல்ல மெல்லக் கரையுமாறு செய்தனர். சிறுநீரகம் பெனிசிலினை வெளியே தள்ளுவதைத் தடுக்கும் புரோபெனசிட் பின்னர் உருவானது. 1950களில் அமிலத்தைத் தாங்கும் பெனிசிலின் மாத்திரையும், ஒருமுறை செலுத்தினால் வாரக்கணக்கில் உடலில் தங்கும் பென்சதீன் பெனிசிலினும் பயன்பாட்டுக்கு வந்தன. இத்தேடலின் பயனை நம் அண்டை நாடான இந்தோனேசியா கண்டது. யாஸ் என்னும் தொற்றுநோயை ஒழிக்க 1950இல் அங்கே தொடங்கிய இயக்கம், மெல்லக் கரையும் பெனிசிலினின் ஒரே ஊசியை நம்பியே சிற்றூர்தோறும் சென்றது. மூன்று மணி நேரத்திற்கொரு ஊசி தேவைப்பட்டிருந்தால் மருத்துவமனை இல்லாத ஊர்களில் அது நடந்திருக்குமா?

அறுவை மருத்துவத்திலும் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. 1943இல் ஃபுளோரியும் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸும் வட ஆப்பிரிக்கப் போர்முனையில் காயமுற்ற வீரர்களிடம் பெனிசிலினைச் சோதித்தனர். சீழ் பிடிக்குமென அஞ்சித் திறந்தே விடப்படும் காயங்களை, பெனிசிலினின் துணையுடன் முன்கூட்டியே தைத்து மூடலாம் என்று காட்டினர். ஆயினும், அறுவைக்கு முன் மருந்து தருவதா, பின் தருவதா என்னும் ஐயம் நீடித்தது. 1961இல் பாஸ்டன் நகரின் ஜான் பர்க் கினிப்பன்றிகளின் தோலில் கிருமியைச் செலுத்தி, வெவ்வேறு நேரங்களில் மருந்து கொடுத்து ஆராய்ந்தார். கிருமி நுழையும்முன் மருந்து திசுக்களில் இருந்தால் முழுப்பயன் கிட்டியது. நேரம் செல்லச் செல்லப் பயன் குறைந்தது. மூன்று மணி நேரம் கடந்தபின் கொடுத்ததால் பயனே இல்லை. கத்தி தோலைத் தொடும்போது மருந்து அங்கே காத்திருக்க வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை. அறுவைக்கு முந்தைய 120 நிமிடங்களுக்குள் தடுப்பு மருந்தைத் தரவேண்டும் என்றும், அறுவை முடிந்தபின் அதை நீட்டிக்க வேண்டியதில்லை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. அறுவைக்குப் பின் நோயாளி நலமுடன் எழுவது, மருந்தின் பெயரை மட்டுமன்றி அது தரப்படும் நேரத்தையும் பொறுத்தது.

இவ்வறிவு அனைத்திற்கும் அடிப்படை ஓர் எளிய செயல்: அளத்தல். குருதியிலும் சிறுநீரிலும் எவ்வளவு பெனிசிலின் உள்ளது என்று அளக்கும் முறையை வகுத்தவர் நார்மன் ஹீட்லி. கிருமி பரவிய தட்டின்மேல் சிறு குழாய்களை நிறுத்தி, அவற்றில் மருந்துக் கரைசலை ஊற்றி, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தின் அகலத்தைக் கொண்டு அவர் மருந்தின் வலிமையைக் கணித்தார். 1945ஆம் ஆண்டின் நோபெல் பரிசு ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் ஆகிய மூவருக்கே சென்றது. ஹீட்லிக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் மதிப்புறு மருத்துவ முனைவர் பட்டம் அளித்தபோது ஆண்டு 1990. கண்டவரைப் போற்றும் நம் வகுப்பறைகளில், அளந்தவரின் பெயரும் ஒலிக்கட்டும்.