ரேந்தை முதல் அண்டி ஆபீஸ் வரை

இன்றைய குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகத்திலும் நடவும் களையெடுப்பும் பெண்களின் வேலையாக இருந்தன. அறுவடையிலும் அவர்கள் இறங்கினர். கூலி நெல்லாக அளக்கப்பட்டது. வயலில் உழைத்தவர்கள் பெரும்பாலும் நிலமற்ற சாதிகளைச் சேர்ந்தவர்கள். இப்பகுதி அப்போது அடங்கியிருந்த திருவிதாங்கூரில் 1855 வரை அடிமைமுறைக்குச் சட்டத்தின் இடம் இருந்ததால், அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கூலி கேட்கும் உரிமையே இல்லை.

பனை விளைகளில் நிலைமை வேறு. ஆண் ஏறி இறக்கிய அக்கானியை (பதநீரை) அடுப்பேற்றி, விறகு தள்ளி, பாகின் பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்கியவள் பெண். விற்ற பணம் குடும்பத்தின் பொதுக்கணக்கில் போயிற்று. அவளுக்கென்று கூலி கிடையாது. பனையேறியின் பாட்டை எழுதியவர்கள் பலர் உண்டு. அடுப்புப் புகையில் நின்றவளைத் தொழிலாளி என்று எண்ணியவர்கள் அரிது. தென்னை மிகுந்த பகுதிகளில் ஊறிய தேங்காய் மட்டையை அடித்து நாராக்குவதும் கயிறு திரிப்பதும் பெண்களிடம் இருந்தன. காசைக் கையில் வாங்கிப் புழங்கியவர்கள் கடற்கரைப் பெண்களே. கரைக்கு வந்த மீனைக் கடவத்தில் சுமந்து உள்நாட்டு ஊர்களுக்கு நடந்துபோய் விற்றார்கள். ஆனால் அது வியாபாரம். கூலி வேலை அல்ல.

காசுக் கூலிக்கு அமர்த்தப்படும் வேலை இப்பகுதிப் பெண்களுக்கு ரேந்தை (லேஸ்) பின்னலோடு வந்தது. லண்டன் மிஷன் ஊழியரான சார்ல்ஸ் மால்ட் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார். அவருடைய மனைவி மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியை நடத்தினார். 1821இல் அதனோடு ரேந்தைப் பின்னலையும் தொடங்கினார். இறுக அடைத்த திண்டின்மேல் துளையிட்ட மாதிரித் தாளை வைத்து, துளைகளில் குண்டூசி குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். கண்ணையும் விரலையும் சளைக்கவைக்கும் வேலை. ஒரு சாண் நீளத்துக்கே வெகுநேரம் பிடிக்கும். பின்னிய ரேந்தையை இந்தியாவிலிருந்த ஐரோப்பியக் குடும்பங்கள் விலைக்கு வாங்கின. வந்த வருமானம் பள்ளியை நடத்தவும் உதவியது, பின்னியவர்களுக்குக் கூலியாகவும் போயிற்று. அடிமைக் குடும்பங்களைச் சேர்ந்த சில பெண்கள் இந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலைக்கான பணத்தைக் கட்டியதாக மிஷன் பதிவுகள் கூறுகின்றன.

இதே காலத்தில்தான் தோள்சீலைக் கலகம் நடந்தது. மார்பை மறைத்துக் குப்பாயம் போட்டதற்காகச் சந்தைகளிலும் தெருக்களிலும் சாணார் (நாடார்) பெண்களின் துணி கிழிக்கப்பட்டது. தன் தோளில் ஒரு முழத் துணியைப் போட உரிமை மறுக்கப்பட்ட சமூகத்தின் பெண்கள், அயல்நாட்டுச் சீமாட்டிகளின் உடைக்கு அலங்கார விளிம்பு பின்னிக்கொண்டிருந்தார்கள். 1859ஆம் ஆண்டின் அரச அறிவிப்பு மேலாடைக்கு அனுமதி தந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக்கூடாது என்ற நிபந்தனையை விடவில்லை.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்தபின், ரேந்தைத் தொழில் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கும் சென்றது. நெய்யூரில் பூத்தையல் வளர்ந்தது. கத்தோலிக்கர் பக்கம், பெல்ஜியத்திலிருந்து 1897இல் முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்தர் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பணியிலும் கைத்தொழில் இடம்பெற்றது. பிற்காலத்தில் இயந்திர ரேந்தை மலிவாக வந்ததும் திண்டுப் பின்னலுக்கு விலை கட்டவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த வேறு வழிகள் கூடுதல் காலம் நிலைத்தன. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் முதலில் வீடுவீடாகச் சென்று வேதம் வாசித்துக் காட்டும் சம்பள ஊழியராகவும் ஆசிரியைகளாகவும் ஆனார்கள். 1838இல் தொடங்கிய நெய்யூர் மருத்துவ மிஷனும், இரட்சணிய சேனையின் நாகர்கோவில் கேதரின் பூத் மருத்துவமனையும் செவிலியர் பணிக்கு வழி காட்டின. இன்று குமரி மாவட்டத்துச் செவிலியர் வளைகுடா நாடுகள்வரை வேலை பார்க்கிறார்கள்.

எண்ணிக்கையில் மற்றவற்றை விஞ்சியது அண்டி ஆபீஸ். முந்திரி ஆலையைக் குமரியில் அப்படித்தான் சொல்வார்கள். கேரளத்தில் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தபோது, கொல்லத்து முதலாளிகள் பலர் எல்லை தாண்டிக் குமரி மாவட்டத்தில் ஆலை போட்டார்கள். அதாவது, பெண்ணின் கூலி இங்கே மலிவு என்பதே தொழிலை இழுத்து வந்தது. கொட்டையை வறுப்பது பெரும்பாலும் ஆணின் வேலை. உடைப்பது, தோலுரிப்பது, தரம் பிரிப்பது பெண்களுடையவை. ஓட்டின் எண்ணெய் தோலை அரித்துப் புண்ணாக்கும் என்பதால் உடைப்பவர்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டார்கள். உடைப்பும் தோலுரிப்பும் எடைக்கணக்குக் கூலி. பருப்பு நொறுங்கினால் கூலியும் குறையும். ஆலைகளுக்கு வேண்டிய கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இறக்குமதியாகிறது. கப்பல் வரத்து குறைந்தால் ஆபீஸ் அடைபடும், அந்த நாட்களுக்குக் கூலி இல்லை. உடைக்கும் இயந்திரங்கள் வந்தபின், கையால் உடைப்பவர்களின் தேவை குறைந்துவருகிறது.