கொக்கி ஊசியும் நூல்கண்டும்: மதுரைச் சமவெளியில் குரோஷா பின்னலின் வரலாறு

நுனியில் கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் நூலை வளையத்துக்குள் வளையமாக இழுத்துத் துணியாக்குவது குரோஷா. இரட்டை ஊசியில் ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு வரிசைக் கண்கள் மொத்தமும் ஊசியிலேயே நிற்க வேண்டும். ஒன்று நழுவினால் கீழ்வரை அவிழும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்தான் ஊசியில் இருக்கும். ஆகவே பின்னல் எந்தப் பக்கமும் திரும்பலாம், நடுவிலிருந்து வட்டமாக விரியலாம், வெறும் சங்கிலி போட்டு வேண்டிய இடத்தில் இடைவெளி விடலாம். இலை, பூ, திராட்சைக் கொத்து, மயில் தோகை போன்ற உருவங்கள் இந்தப் பின்னலில் எளிதாக அமைவதற்கு இந்த விடுதலையே காரணம். தென்தமிழகத்தில் பருத்தி நூலில் செய்வதைக் குரோஷா அல்லது லேஸ் பின்னுதல் என்றும், வண்ண நூலில் சால்வை, போர்வை, குல்லா போடுவதை உல்லன் வேலை என்றும் சொல்வது வழக்கம். கைவேலை ஒன்றுதான், நூல் மாறியதால் பெயரும் பிரிந்தது. மதுரைச் சமவெளியில் இந்தக் கலையின் போக்கைத் தீர்மானித்ததில் நூலுக்கே முதல் பங்கு.

ஐரோப்பாவில் குரோஷா பழங்கலை அன்று. 1800க்கு முன் அங்கே அது இருந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்பது டென்மார்க் ஆய்வாளர் லிஸ் பலூடனின் முடிவு. அச்சில் வந்த குரோஷா மாதிரிகள் 1820களின் டச்சு இதழொன்றில்தான் முதலில் தென்படுகின்றன. அதன் தோற்றம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. ஸ்காட்லாந்தின் இடையர்கள் கொக்கியால் தடித்த கம்பளி நூலைப் பின்னிய முறையிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. மற்றொன்று நமக்கு நெருக்கமானது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி ஊசியைக் குத்தி, அடியிலிருந்து நூலை மேலே இழுத்துச் சங்கிலித் தையல் போடும் ஆரி வேலை குஜராத்தின் கட்ச் பகுதியில் மோச்சி சமூகத்தாரிடம் செழித்திருந்தது. கிழக்கிலிருந்து சென்ற இம்முறை 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸில் 'டம்பூர்' என்ற பெயரில் பரவியது. 1770இல் சாந்த்-ஓபேன் எழுதிய எம்பிராய்டரி நூல் அதை விரிவாக விளக்குகிறது. அடித்துணியை நீக்கிவிட்டு, சங்கிலியைக் காற்றிலேயே போட்டபோது குரோஷா பிறந்தது என்பது இக்கருத்து. இதை ஐயமற நிறுவ முடியாது. ஆனால் இரண்டு ஊசிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு மறுக்கவும் மனம் வராது. இன்று மதுரையில் கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்பவர்கள் பலர்; குரோஷா ஊசியின் மூத்த உறவினரைத்தான் அவர்கள் கையில் பிடித்திருக்கிறார்கள்.

குரோஷா கைத்தொழிலாக மாறிய இடம் அயர்லாந்து. 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, கன்னியர் மடங்கள் ஏழைப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தன. இத்தாலிய லேஸைப் பார்த்துப் பின்னத் தொடங்கிய அவர்கள், ரோஜா, இலை, திராட்சை என ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பின்னி, பிறகு சங்கிலி வலையால் இணைத்தார்கள். ஒரு துணி முழுவதையும் ஒருத்தியே முடிக்க வேண்டியதில்லை. ஒருத்தி பூ போடுவாள், இன்னொருத்தி இலை போடுவாள். பிராஞ்சார்டியேர் அம்மையார் 1840களில் வெளியிடத் தொடங்கிய மாதிரிப் புத்தகங்கள் இவ்வேலையை ஆங்கிலம் படிக்கும் வீடுகளுக்குள் கொண்டுசென்றன. பஞ்ச நிவாரணமாக அறிமுகமாகி வீட்டுப் பெண்ணின் ஓய்வுநேர வேலையாகவும் பெயரெடுத்த இந்த இரட்டை முகத்தோடுதான் அது இந்தியாவுக்கும் வந்தது.

தமிழ் பேசும் தென்கோடியில் அதற்கு முன்பே லேஸ் வந்திருந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1819இல் நாகர்கோவில் வந்து, அங்கே நடத்திய பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்பித்தார். அது குரோஷா அன்று. தலையணையில் ஊசிகளைக் குத்தி, மரத்துண்டுகளில் சுற்றிய நூலைக் குறுக்கும் மறுக்கும் மாற்றி முறுக்கும் திண்டு லேஸ். அடிமைத்தளையில் இருந்த பெண்களில் சிலர் இந்த வேலையில் ஈட்டிய பணத்தால் விடுதலை பெற்றதை மிஷன் ஆவணங்கள் பெருமையோடு பேசுகின்றன. மால்ட் தம்பதியின் மகள் எலிசா, 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடி வந்ததும், தேரிக்காட்டு ஊர்ப் பெண்களிடம் அந்த வேலை பரவியது. 1897இல் முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜியக் கன்னியர் மரி லூயிஸ் டி மேஸ்தரும் அவர் சபையினரும் அனாதைப் பெண்களுக்கு லேஸும் எம்பிராய்டரியும் பயிற்றுவித்தார்கள்.

கோதாவரிக் கழிமுகத்தின் நர்சாப்பூரில் கதை வேறு விதமாகப் போனது. மிஷனரிகள் கற்பித்த குரோஷா அங்கே ஏற்றுமதித் தொழிலாகவே வளர்ந்தது. ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு அதன் உள்பக்கத்தைக் காட்டியது: வெளியே வேலைக்குப் போகாத வீட்டுப் பெண்கள் துண்டுக்கணக்கில் கூலி வாங்கிப் பின்னினார்கள்; நூல் கொடுத்து வாங்கிய வியாபாரிகள் ஆண்கள்; முழுநாள் உழைப்பு ஓய்வுநேர வேலை என்ற பெயரில் மலிவாக விலைபோனது. குரோஷாவைப் பற்றிய எந்தப் பெருமிதப் பேச்சுக்கும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய புத்தகம் அது.

மதுரையில் இப்படியொரு ஏற்றுமதித் தொழில் எழவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷன் 1834இல் இங்கே கால் ஊன்றிப் பெண்கள் பள்ளிகளைத் தொடங்கியது. கேப்ரன் ஹால் பள்ளி அந்த மரபில் வந்தது. மிஷன் பள்ளிகளில் எழுத்தோடு தையலும் பாடம். ஆயினும் லேஸ் பின்னி விற்கும் ஊராக மதுரை மாறாததற்குக் காரணம் தேடினால், ஊரின் பழைய நெசவே கண்ணில் படுகிறது. சௌராஷ்டிரக் குடும்பங்களின் பெண்கள் சுங்குடிக்குப் புள்ளி முடிவதிலும், தறிக்கு நூல் சுற்றுவதிலும் ஏற்கெனவே ஈடுபட்டிருந்தார்கள். வீட்டுத் திண்ணையில் செய்து காசாக்கும் நூல்வேலை இங்கே பற்றாக்குறையாக இல்லை. குரோஷா சந்தைக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே தங்கியது இதனால்தான் என்று கருத இடமுண்டு.

ஏற்றுமதித் தொழில் இல்லாத ஊரில் நூலுக்குப் பஞ்சமில்லை. ஹார்வி சகோதரர்கள் 1885இல் தாமிரபரணி அருவியின் விசையை நம்பிப் பாபநாசத்தருகே ஒரு நூற்பாலை தொடங்கினார்கள். பிறகு தூத்துக்குடி, அதன் பிறகு மதுரை. ரயிலடிக்குப் பக்கத்தில் 1892இல் ஓடத் தொடங்கிய மதுரா மில்லை ஊர் மக்கள் ஹார்வி மில் என்றே சொன்னார்கள். தொழிலாளர் குடியிருப்பாக எழுந்த ஹார்விப்பட்டி இன்றும் திருப்பரங்குன்றத்தருகே அந்தப் பெயரோடு இருக்கிறது. திருமங்கலம், விருதுநகர்க் கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி குட்டை இழை. முரட்டு நூலுக்குத்தான் ஆகும். 1904-05 வாக்கில் சென்னை மாகாணத்துக்கு வந்த கம்போடியாப் பருத்தி இழை நீளமானது, அதில் மெல்லிய நூல் எடுக்க முடிந்தது. 1974இல் மதுரா மில்ஸும் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் பிறந்த கோட்ஸ் குழுமத்தின் இந்தியக் கிளையும் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயின. நங்கூரம் பொறித்த ஆங்கர் முத்திரை பெய்ஸ்லியின் இன்னொரு நூல் குடும்பமான கிளார்க்குகளுடையது. 1896இல் இரண்டு நிறுவனங்களும் ஒன்றானபோது அது கோட்ஸ் கைக்கு வந்தது. தமிழ்நாட்டில் எம்பிராய்டரி நூல் கேட்பவர்கள் ஆங்கர் நூல் என்றே கேட்கும் அளவுக்கு அது ஊன்றிப்போனது.

குரோஷாவுக்கு ஏற்ற பருத்தி நூல் முறுக்கேறியதாக, பளபளப்பாக இருக்க வேண்டும். பருத்தி நூலைக் காரச்சோடாவில் நனைத்து வலுவூட்டும் முறைக்கு 1850இல் ஜான் மெர்சர் காப்புரிமை பெற்றார். 1890இல் ஹொரேஸ் லோ அந்த நூலை இழுத்துப் பிடித்தபடியே நனைத்துப் பளபளப்பும் கொண்டுவந்தார். கண்டின் மேலுள்ள எண் கூடக்கூட நூல் மெலியும். 20 அல்லது 40ஆம் எண் நூலுக்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய எஃகு ஊசி வேண்டும். அந்த அளவில் விரலகலத் துணிக்கே பல வரிசை பின்ன வேண்டியிருப்பதால், வேலை இயல்பாகவே சிறியதாக அமைந்தது: தலையணை உறையின் ஓரம், உள்பாவாடை லேஸ், தேவாலயப் பீடத்துணி, மேசை விரிப்பு, பின்னாளில் ரேடியோவுக்கும் டிவிக்கும் போட்ட மூடுதுணி.

இந்தப் பருத்தி வேலையில் இரண்டு அமைப்புகள் நிலைத்து நின்றன. ஒன்று கட்டப் பின்னல். ஒரு டிரெபிள் (உயரமான கண்), இரண்டு சங்கிலி, மறுபடி ஒரு டிரெபிள் என்றால் வெறும் கட்டம். சங்கிலிக்குப் பதில் அந்த இடத்திலும் டிரெபிள் போட்டால் நிரப்பிய கட்டம். கட்டத்தாளில் மயிலோ அன்னமோ வரைந்துகொண்டு எண்ணி எண்ணிப் பின்னினால், புள்ளிக் கோலத்தில் உருவம் எழுவதுபோல் வலைக்கு நடுவே பறவை எழும்.

மற்றது அன்னாசி. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்க, ஆங்கில மாதிரிப் புத்தகங்களில் பெரும்புகழ் பெற்ற இவ்வடிவம் நம் வீடுகளின் மேசை விரிப்புகளிலும் ஏறியது. முதலில் ஒரே இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு டிரெபிள்கள் விசிறியாக விரியும். அடுத்த வரிசையில் அவற்றின் இடைவெளிகளில் சங்கிலி வளையங்கள்; அதற்கடுத்த வரிசையில் வளையம் ஒன்று குறையும். இப்படி வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து கடைசியில் ஒற்றை வளையத்தில் முனை கூடும். இருபுறமும் சிறு சிப்பிகள் ஓரம் கட்டிப் போகும். பின்னி முடித்ததும் வேலை சுருண்டு கசங்கித்தான் கிடக்கும். ஜவ்வரிசிக் கஞ்சியில் நனைத்து, விரிப்பின் மேல் பரப்பி, ஒவ்வொரு முனையையும் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிட்ட பிறகே அன்னாசி அன்னாசியாகத் தெரியும். கற்றுக்கொடுப்பவர்கள் இந்தக் கடைசிப் படியைச் சொல்லாமல் விட்டால், கற்பவர் தம் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார்.

வண்ணப் போர்வையும் சால்வையும் சமவெளிக்கு இயல்பானவை அல்ல. மார்கழி இரவிலும் மதுரையில் குளிர் 20 டிகிரிப் பக்கமே நிற்கும். தடித்த நூல் பின்னலுக்கு இயற்கையான இடம் மேலே கொடைக்கானல். வெயிலுக்கு ஒதுங்கி 1845இல் அங்கே வீடு கட்டியவர்கள் மதுரை அமெரிக்க மிஷனரிகள்தாம். 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும்வரை கொடைக்கானல் மதுரை மாவட்டத்திலேயே இருந்தது.

சமவெளியில் இந்த வேலை பரவ, கம்பளியைவிட மலிவான, பூச்சி அரிக்காத, சாயம் பளிச்சென்று ஏறும் அக்ரிலிக் நூல் வர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1950இல் சந்தைக்கு வந்த இந்தச் செயற்கை இழை, இந்தியாவில் லூதியானா ஆலைகளின் வழியே உருண்டை உருண்டையாகத் தெற்கே வந்தது. அதில் ஆட்டு உரோமம் துளியும் இல்லாவிட்டாலும் கடையில் உல்லன் என்றே பெயர். தடித்த நூல், தடித்த ஊசி என்பதால் வேலை வேகமாக நகர்ந்தது. மேசை விரிப்பு நின்ற இடத்தில் தொட்டில் குழந்தைக்குப் போர்வை பிறந்தது. நூல்கண்டுகளின் மிச்சத்தையெல்லாம் சேர்த்து, நடுவிலிருந்து நிறம் மாற்றி மாற்றிச் சதுரம் போட்டு இணைக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கில, அமெரிக்க இதழ்களில் வந்துவிட்டது. தனித்தனிப் பூவாகப் பின்னி இணைத்த அயர்லாந்து வழக்கத்தோடு உறவுடையது அது. நுணுக்கத்தில் இழந்ததை நிறத்தில் ஈடுகட்டியது இந்தக் கட்டம். கட்டப் பின்னல் மயிலின் நளினம் அக்ரிலிக் போர்வைக்கு வராது. ஆனால் மயிலின் நிறங்கள் வெள்ளைப் பருத்தியில் ஒருநாளும் வந்ததில்லை.

பருத்தி, அக்ரிலிக் ஆகியவற்றை அடுத்து மூன்றாம் கட்டம் இணையத்தோடு தொடங்குகிறது. பாட்டியிடமோ பள்ளித் தையல் ஆசிரியையிடமோ கற்ற கலையை யூடியூப் பார்த்துக் கற்கும் தலைமுறை வந்தது. அதோடு ஒரு குழப்பமும் சேர்ந்தது: பிரிட்டிஷ் முறையில் டபுள் எனப்படும் கண்ணை அமெரிக்க முறையில் சிங்கிள் என்பார்கள், பிரிட்டிஷ் டிரெபிள் அமெரிக்க டபுள் ஆகும். பழைய புத்தகத்தில் பழகிய கை புதிய காணொளியைப் பார்த்துப் பின்னினால், இலை குட்டையாகவோ நெட்டையாகவோ முடியும். முகநூலில் கூடிய பெண்கள் குழுவான 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர்ப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. பல ஊர்களில் தனித்தனியே பின்னிய சதுரங்களை ஒன்றுசேர்த்த வேலை அது. சாதனை முடிந்ததும் போர்வைகள் பிரிக்கப்பட்டு ஏழைகளுக்குத் தானமாகச் சென்றன.

நூலும் மறுபடி திரும்பிக்கொண்டிருக்கிறது. மதுரை வெயிலில் அக்ரிலிக் வியர்க்க வைக்கும், நெருப்புப் பட்டால் உருகி ஒட்டும் என்பதால், கைக்குழந்தைப் போர்வைக்குப் பருத்தியே நல்லது என்று பின்னுபவர்கள் மீண்டும் பருத்தி நூல் கேட்கிறார்கள். இம்முறை வண்ணத்தில், கொஞ்சம் தடிமனாக. பின்னலாடை வெட்டுத்துணியைக் கீற்றாக்கிச் சுற்றிய டி-சர்ட் நூலில் கைப்பையும் மிதியடியும் பின்னுகிறார்கள். மறுபக்கம், கையால் போடும் குரோஷாவை அப்படியே போடக்கூடிய இயந்திரம் இன்றுவரை இல்லை. கடையில் குரோஷா என்று விற்கும் மீட்டர் கணக்கு லேஸ் வேறு வகைப் பின்னல் இயந்திரத்தின் வேலை. ஆகவே ஒரு சால்வையின் அடக்கவிலையில் பெரும்பகுதி கைக்கூலி. வாங்குபவரோ நூலின் விலையை வைத்தே பேரம் பேசுகிறார். நர்சாப்பூர் லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரைக்கு அந்தக் குறியீடு சுங்குடிக்கு 2005இலும் மல்லிகைக்கு 2013இலும் வந்தது. குரோஷாவுக்கு அப்படிக் கோர, இந்த ஊருக்கே உரிய மாதிரி என்று எதையும் சமவெளியின் பெண்கள் உருவாக்கிக்கொள்ளவில்லை. கைக்கு வந்த புத்தகத்திலும் கடைக்கு வந்த நூலிலும் எது பொருந்தியதோ அதையே பின்னினார்கள்.