போட்டோ இல்லாமல் வந்த ரெக்கார்டு... கைதட்டல் நின்றுபோன மேடை! யார் இந்த சார்லி பிரைட்?

லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோடு' ஞாபகம் இருக்கா? 2019-ல் டிக்டாக்கைத் திறந்தாலே அந்தப் பாட்டுதான் ஓடும். பில்போர்டின் பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. ஆனா, அதே பில்போர்டு தன்னோட 'கன்ட்ரி' பட்டியலில் இருந்து அந்தப் பாட்டைத் தூக்கிவிட்டது. இன்றைய கன்ட்ரி இசைக்கான அம்சங்கள் அதில் போதுமான அளவு இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அடுத்து பியான்சே. 2024-ல் 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பம் வந்தது. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் அந்த வருட விருதுகளில் அவருக்கு ஒரு நாமினேஷன்கூட தரவில்லை. ஆனால், 2025 கிராமியில் சிறந்த கன்ட்ரி ஆல்பம் விருதே அதற்குத்தான். அந்தப் பிரிவில் ஜெயித்த முதல் கறுப்பினக் கலைஞர் அவர்.

'கறுப்பின ஆளுக்கு கன்ட்ரி பாட்டுல என்ன வேலை?' என்ற இந்தப் பஞ்சாயத்து இன்ஸ்டா காலத்தில் தொடங்கியது இல்லை. 1966-லேயே ஒருத்தர் இதை நேருக்கு நேர் சந்தித்தார். அவர்தான் சார்லி பிரைட். கன்ட்ரி பட்டியலில் டாப் 10-க்குள் 52 பாட்டு, அதில் முதலிடம் பிடித்தவை மட்டும் கிட்டத்தட்ட 30. ஆர்.சி.ஏ கம்பெனிக்கு எல்விஸ் பிரெஸ்லிக்குப் பிறகு அதிகம் விற்றுக்கொடுத்த பாடகர் என்று சொல்லப்படுபவர். இவ்வளவு பெரிய ஆளை நம்மில் பலருக்குப் பேர்கூடத் தெரியாது.

கன்ட்ரி என்பது அமெரிக்காவின் தென்மாநிலக் கிராமங்களில் பிறந்த பாட்டு. கிட்டார், ஃபிடில், பான்ஜோ, ஸ்டீல் கிட்டார். காதல், பிரிவு, கடன், குடி, சர்ச், ரயில்... வாழ்க்கையை நேரடியாகச் சொல்லும் வரிகள். 'வெள்ளைக்காரங்க பாட்டு' என்று இதற்கு ஒரு முத்திரை உண்டு. ஆனால், பான்ஜோவின் மூதாதை, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்களோடு வந்தது. ஒரே ஊரில் ஒரே மாதிரி வாசித்துக்கொண்டிருந்தவர்களை 1920-களில் ரெக்கார்டு கம்பெனிகள்தான் விற்பனைக்காகப் பிரித்தன. கறுப்பர்கள் பாடினால் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', வெள்ளையர்கள் பாடினால் 'ஹில்பில்லி'. கடை அலமாரியில் போட்ட அந்தக் கோடு அப்படியே ரேடியோவுக்கும் மேடைக்கும் போய்விட்டது.

பிரைட் பிறந்தது 1934 மார்ச் 18-ல், மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்லெட்ஜ் என்ற சின்ன ஊரில். அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்யும் குடும்பம். 11 பிள்ளைகளில் இவர் நாலாவது. அப்பா வைக்க நினைத்த பெயர் 'சார்ல்'. பிறப்புச் சான்றிதழில் எழுதியவர் செய்த தப்பால் 'சார்லி' ஆகிவிட்டது. (நம்ம ஊர் ரேஷன் கார்டு கதைதான், எல்லா நாட்டிலும் இருக்கும்போல!) பிள்ளைகள் எல்லாரும் பருத்தி எடுக்கப் போவார்கள். சனிக்கிழமை ராத்திரி ஆனால் அப்பா ஃபில்கோ ரேடியோவில் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியைப் போடுவார். நாஷ்வில் நகரத்தில் இருந்து வரும் கன்ட்ரி இசை நிகழ்ச்சி அது. பையன் அதைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தான். 14 வயதில் சியர்ஸ் கம்பெனியின் கிட்டார் கைக்கு வந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, ரேடியோதான் வாத்தியார்.

ஆனா, அவர் கனவு கண்டது பாடகர் ஆக இல்லை. பேஸ்பால்! 1947-ல் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் நுழைந்ததும், பருத்திக்காட்டில் இருந்து வெளியே போக ஒரு வழி இருக்கிறது என்று அந்தத் தலைமுறைப் பையன்களுக்குத் தெரிந்தது. பிரைட் பந்து வீசுபவர். கறுப்பின வீரர்களுக்கான நீக்ரோ லீக்கில் மெம்பிஸ் ரெட் சாக்ஸ் உட்பட சில அணிகளுக்கு ஆடினார். நடுவில் யாங்கீஸ் அணியின் கீழ்மட்டக் குழு ஒன்று எடுத்தது, காயத்தால் அது நிலைக்கவில்லை. ஒருமுறை, லூயிவில் அணி இவரையும் இன்னொரு வீரரையும் பர்மிங்காம் அணிக்குக் கைமாற்றியது. விலை என்ன தெரியுமா? ஒரு பஸ். ஐ.பி.எல் ஏலத்தில் கோடிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஜோக் மாதிரி இருக்கும். பிரைட்டும் பின்னாளில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

1956-ல் ராணுவத்தில் கட்டாய சேவை வந்தது. அதே வருடக் கடைசியில் ரோஸீனைக் கல்யாணம் செய்தார். கடைசிவரை, 64 வருடம் நெருங்கும்வரை நீடித்த திருமணம் அது. ராணுவத்தில் இருந்து வந்ததும் மறுபடி பேஸ்பால் வாய்ப்பு தேடி 1960-ல் மொன்டானா மாநிலத்துக்குப் போனார். கனடா எல்லையை ஒட்டிய குளிர்ப் பிரதேசம். ஈஸ்ட் ஹெலினாவில் ஈயம் உருக்கும் ஆலையில் வேலை. ரயில் பெட்டியில் இருந்து நிலக்கரியை இறக்கி, கொதிக்கும் உலைக்குள் மண்வெட்டியால் தள்ள வேண்டும். கால் எலும்பு உடைந்ததும் அந்த ஆலையில்தான்.

ஆலைக்கு ஒரு பேஸ்பால் அணி இருந்தது. அதன் மேனேஜருக்கு ஒரு ஐடியா. ஆட்டத்துக்கு 10 டாலர், ஆட்டத்துக்கு முன்னாடி 15 நிமிஷம் பாடினால் இன்னொரு 10 டாலர்! கூட்டம் கூடியது. பகலில் உலை, மாலையில் ஆட்டம், ராத்திரியில் பார்களில் பாட்டு. 1962-ல் அந்தப் பக்கம் கச்சேரிக்கு வந்த ரெட் சோவின், ரெட் ஃபோலி என்ற இரண்டு கன்ட்ரி பாடகர்கள் இவரைக் கேட்டுவிட்டு, நாஷ்வில்லுக்குப் போகச் சொன்னார்கள். பிரைட்டுக்கு அப்பவும் பேஸ்பால் ஆசை விடவில்லை. நியூயார்க் மெட்ஸ் அணியின் தேர்வுக்குப் போய், அங்கே நிராகரிக்கப்பட்டு ஊர் திரும்பும் வழியில்தான் நாஷ்வில்லில் இறங்கினார். அங்கே கிடைத்த ஜாக் ஜான்சன் என்பவர் மேனேஜர் ஆனார்.

முகத்தை மறைத்த கம்பெனி

தயாரிப்பாளர் ஜாக் கிளெமென்ட் பாடல்களைப் பதிவு செய்து கொடுத்தார். கேட்டுப் பிடித்துப்போய் 1965-ல் ஒப்பந்தம் போட்டவர் செட் அட்கின்ஸ், ஆர்.சி.ஏ-வின் நாஷ்வில் தலைமை. அமெரிக்கா அப்போது எந்த நிலையில் இருந்தது என்று பாருங்க. இனப் பாகுபாட்டுக்கு எதிரான சிவில் உரிமைச் சட்டம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கறுப்பின மக்கள் ஓட்டுப் போடும் உரிமைக்காக செல்மாவில் நடந்தபோது போலீஸ் தடியால் அடித்தது அதே 1965-ல்தான்.

1966 ஜனவரியில் முதல் பாட்டு 'தி ஸ்னேக்ஸ் க்ரால் அட் நைட்' வந்தது. ரெக்கார்டில் பெயர் 'கன்ட்ரி சார்லி பிரைட்'. வழக்கமாகப் புதுப் பாடகரின் போட்டோவும் வாழ்க்கைக் குறிப்பும் ரேடியோ நிலையங்களுக்குப் போகும். இவருக்கு மட்டும் போகவில்லை. குரலை மட்டும் அனுப்பினார்கள். கேட்டவர்கள் எல்லாரும் இன்னொரு தெற்கத்தி வெள்ளைக்காரப் பாடகர் என்று நினைத்துக்கொண்டார்கள். மூன்றாவது பாட்டு 'ஜஸ்ட் பிட்வீன் யூ அண்ட் மீ' டாப் 10-க்குள் போனது.

இதை மார்க்கெட்டிங் சாமர்த்தியம் என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. முகத்தைக் காட்டினால் பாட்டை யாரும் கேட்கவே மாட்டார்கள் என்று கம்பெனிக்கே தெரிந்திருந்தது. அந்தக் கணக்கு சரியாகவும் இருந்தது. ஆனால், என்றைக்காவது ஒரு நாள் மேடை ஏறித்தானே ஆக வேண்டும்? அந்த நிமிஷத்தின் மொத்தச் சுமையும் கம்பெனி மேல் இல்லை, பிரைட் மேல் விழுந்தது.

அது 1966-ன் பிற்பகுதி. டெட்ராய்ட் ஒலிம்பியா ஸ்டேடியம், சுமார் 10,000 பேர். ரேடியோவில் ஹிட் கொடுத்தவர் வருகிறார் என்று அறிவித்ததும் பலத்த கைதட்டல். பிரைட் வெளிச்சத்துக்கு வந்தார். கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, முழுசா நின்றுபோனது.

அவர் மைக்கைப் பிடித்து, இப்படி 'நிரந்தர சன் டேன்' அடித்த ஆள் வந்து கன்ட்ரி பாடுவது கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருக்கும் என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அரங்கம் சிரித்தது. பாட ஆரம்பித்தார். அதன் பிறகு அந்தக் கூட்டம் அவர் பக்கம்.

அந்த ஜோக் பற்றி யோசிக்க நிறைய இருக்கு. தன் தோலின் நிறத்தைத் தானே கிண்டல் பண்ணித்தான் எதிரில் இருப்பவர்களை இயல்பாக்க வேண்டியிருக்கிறது. கிளாஸிலோ ஆபீஸிலோ கூட்டத்தில் ஒருத்தராக மட்டும் 'வேற மாதிரி' இருந்தவர்களுக்கு இந்த வித்தை நல்லாவே தெரியும்.

1967-ல், சின்ன வயதில் ரேடியோவில் கேட்ட அதே கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் பாடினார். அறிமுகம் செய்துவைத்தவர், அந்த ரேடியோவில் கேட்ட குரல்களில் ஒருவரான எர்னஸ்ட் டப். அந்த மேடையில் முன்பு டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின மவுத் ஆர்கன் கலைஞர் பெரிய நட்சத்திரமாக இருந்தார். 1941-ல் அவர் வெளியேற்றப்பட்டார். கால் நூற்றாண்டு கழித்து அடுத்து வந்தவர் பிரைட்.

உச்சத்தில் இருந்த வருடங்கள்

1969-ல் முதல் நம்பர் ஒன். 1971-ல் 'கிஸ் அன் ஏஞ்சல் குட் மார்னிங்'. பென் பீட்டர்ஸ் எழுதிய இந்தப் பாட்டு கன்ட்ரி பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது, பாப் பட்டியலிலும் 21-வது இடம்வரை போனது. அதே வருடம் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் மிகப்பெரிய விருதான 'என்டர்டெய்னர் ஆஃப் தி இயர்' வாங்கினார். அதை வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர். சிறந்த பாடகர் விருது அடுத்தடுத்து இரண்டு வருடம்.

1972 விருது விழாவில் அந்த விருதை அறிவிக்க மேடை ஏறியவர் பாடகி லொரெட்டா லின். பிரைட் ஜெயித்தால் கட்டிப்பிடிக்காதே, தள்ளியே நில் என்று தனக்குச் சொல்லப்பட்டதாக லின் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிரைட் பெயர்தான் வந்தது. லின் அவரைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்தார்.

அவர் பாடல்களில் அரசியல் கிடையாது. காதல், வீடு, மனைவி, ஏக்கம், அவ்வளவுதான். உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில் இது சிலருக்கு உறுத்தலாம். தன்னைச் சுற்றிப் போடப்பட்ட முத்திரையை அவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு 1992-ல் பத்திரிகை ஒன்றுக்குச் சொன்னது நல்ல உதாரணம். முதலில் 'கலர்ட்' பாடகர் என்றார்கள், பிறகு 'நீக்ரோ', அப்புறம் 'பிளாக்', இப்போ 'ஆப்பிரிக்க அமெரிக்கர்'. கேள்வி அதேதான், இந்த வார்த்தை மட்டும்தான் மாறியிருக்கு என்றார்.

ஆனாலும், அரசியல் பேசாமலே ஒரு அரசியல் காரியம் செய்தார். 1976 நவம்பரில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் போனார். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் மோதலில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த நேரம். முந்தைய வருடம்தான் மயாமி ஷோபேண்ட் இசைக்குழுவைச் சேர்ந்த மூவர், கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில் கொல்லப்பட்டிருந்தார்கள். வெளிநாட்டுக் கலைஞர்கள் யாரும் எட்டிப் பார்க்காத ஊரில் ரிட்ஸ் தியேட்டரில் பாடினார். விமானத்தில் பெட்டி தொலைந்துபோனதால் மேடை உடை இல்லை, கார்டிகன் ஸ்வெட்டரோடு ஏறினார். அமெரிக்காவில் சிங்கிளாகக்கூட வராத அவருடைய 'கிறிஸ்டல் ஷாண்டலியர்ஸ்' அங்கே இரண்டு தரப்பும் சேர்ந்து பாடும் பாட்டாகிப்போனது. சொந்த நாட்டில் இனக்கோட்டைக் கடந்து வந்தவர் என்பதாலோ என்னவோ, இரண்டு தரப்பும் அவரைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டது.

1994-ல் வந்த சுயசரிதையில் இன்னொரு விஷயத்தையும் வெளிப்படையாகச் சொன்னார்: தனக்கு இருந்த 'மேனிக் டிப்ரஷன்' பாதிப்பு, அதற்கு எடுத்த சிகிச்சை. இன்றைக்கு பைபோலார் என்கிறோம். நட்சத்திரங்கள் மனநலம் பற்றி வாய் திறக்காத காலத்தில், 60 வயது கன்ட்ரி பாடகர் இதை எழுதியது சின்ன விஷயம் இல்லை. 2000-ல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். பேஸ்பாலும் அவரை முழுசா விடவில்லை. 2010-ல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரானார். பஸ்ஸுக்குக் கைமாறிய பையன், மேஜர் லீக் அணிக்கே பார்ட்னர்!

கதவு அதற்குப் பிறகு எல்லாருக்கும் திறந்ததா என்றால், இல்லை. பிரைட்டின் கடைசி நம்பர் ஒன் 1983-ல் வந்த 'நைட் கேம்ஸ்'. தனியாகப் பாடும் அடுத்த கறுப்பினக் கலைஞர் ஒருவர் அந்த இடத்துக்கு வர 2008 ஆனது. அவர் டேரியஸ் ரக்கர். நடுவில் 25 வருடம். ஒருத்தரை ஏற்றுக்கொண்டதைக் காட்டியே அடுத்தவர்களை வாசலில் நிறுத்தி வைத்த கதை இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2020 நவம்பர் 11. கொரோனா காலத்தில் நாஷ்வில்லில் உள்ளரங்கில் நடந்த அசோசியேஷன் விழாவில் பிரைட்டுக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது. இளம் கறுப்பினப் பாடகர் ஜிம்மி ஆலனோடு சேர்ந்து 'கிஸ் அன் ஏஞ்சல்' பாடினார். ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 12-ல் டல்லாஸில் கொரோனா பாதிப்பால் இறந்தார். வயது 86. இந்த வயதில் அவரை நேரில் வரவழைத்திருக்க வேண்டுமா என்று சக பாடகிகளே சமூக வலைதளத்தில் கேள்வி எழுப்பினார்கள். விழாவுக்கு முன்னும் பின்னும் எடுத்த பரிசோதனைகளில் அவருக்குத் தொற்று இல்லை என்று விழா நடத்தியவர்கள் விளக்கம் கொடுத்தார்கள்.

கேட்க ஆசைப்படுபவர்கள் 'கிஸ் அன் ஏஞ்சல் குட் மார்னிங்' பாட்டில் தொடங்கலாம். அடுத்து 1970-ல் வந்த 'இஸ் எனிபடி கோயிங் டு சான் அன்டோன்'. ராத்திரி பஸ்ஸில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கேட்க சரியான பாட்டு. அப்புறம் முதல் ரெக்கார்டு 'தி ஸ்னேக்ஸ் க்ரால் அட் நைட்'. அதை மட்டும் ஸ்கிரீனை ஆஃப் பண்ணிட்டு, முகம் பார்க்காமல், 1966-ல் ரேடியோவில் கேட்டவர்கள் மாதிரியே கேட்டுப் பாருங்க.