நிஜாமியா வானாய்வகமும் 'ஆர்வலர்' என்ற சொல்லும்

வானியல் ஒளிப்படத்தின் தொடக்க வரலாற்றை எழுதுவோர் 'அமெச்சூர்' என்ற சொல்லை மிகத் தாராளமாகக் கையாளுகின்றனர். தமிழில் நாம் அதனை 'ஆர்வலர்' என்கிறோம். பல்கலைக்கழகத்திலோ அரசு வானாய்வகத்திலோ பதவி வகிக்காமல் வானத்தைப் படமெடுத்த அனைவரும் இச்சொல்லுக்குள் அடக்கப்பட்டுவிடுகின்றனர். சொந்தச் செலவில் பெருந்தொலைநோக்கி நிறுவிய செல்வந்தரும் ஆர்வலர். கடை வைத்து மனிதமுகப் படங்களை விற்றுப் பிழைத்த தொழிலாளியும் ஆர்வலர். இவ்விருவரையும் ஒரே தட்டில் வைப்பதனால், யாருடைய பெயர் ஆவணத்தில் நிலைத்தது, யாருடையது நழுவியது என்ற கேள்வி எழாமலே போகிறது. ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்தின் வரலாறு இக்கேள்வியை நம் முன் வைக்கிறது. ஆயினும் அங்கு செல்லுமுன் 1858ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது அவசியம்.

அவ்வாண்டு தோன்றிய டொனாட்டி வால்நட்சத்திரத்தை முதன்முதலில் படத்தில் பதித்தவர் வில்லியம் அஷர்வுட் என்னும் ஆங்கிலேய முகப்பட ஒளிப்படக்காரர். செப்டம்பர் 27 அன்று, தம் தொழிலுக்குரிய முகப்பட வில்லையைக் கொண்டே, ஏழு வினாடி ஒளிபடு நேரத்தில் அவர் அதைச் செய்தார். மறுநாள் ஹார்வர்டு வானாய்வகத்தில் ஜார்ஜ் பாண்டு 15 அங்குலப் பெருந்தொலைநோக்கியால் ஆறு நிமிடம் முயன்றும் கருவையும் அதனைச் சூழ்ந்த சிறு ஒளிர்வையும் மட்டுமே பெற முடிந்தது. காரணம் எளியது. வால்நட்சத்திரம் போன்ற பரந்த பொருளின் படம் தகட்டில் எவ்வளவு பிரகாசமாக விழும் என்பது வில்லையின் விட்டத்தை மட்டும் பொறுத்ததன்று. விட்டத்துக்கும் குவியத் தூரத்துக்கும் உள்ள விகிதத்தையே பொறுத்தது. நீண்ட குவியத் தூரமுடைய பெருந்தொலைநோக்கி ஒளியைப் பரப்பி மங்கச் செய்கிறது. குட்டையான முகப்பட வில்லை அதனைச் செறிவாகக் குவிக்கிறது. இன்று சிறிய தொலைநோக்கியுடன் மலைக்குச் செல்லும் மாணவர் அறிந்திருக்கும் இந்த உண்மையை அஷர்வுட்டின் தொழிற்கருவி அன்றே மெய்ப்பித்துக் காட்டியது. அவருடைய தகடு காணாமற்போயிற்று. பாண்டின் முயற்சி நிறுவன ஆவணத்தில் நின்றது. பாடநூல்கள் நெடுங்காலம் பாண்டையே முதல்வராகக் குறிப்பிட்டமை வியப்பன்று.

ஈரக் கொலோடியன் தகடு காய்வதற்குள் படமெடுத்து முடிக்கவேண்டும் என்ற தடை, 1871இல் ரிச்சர்டு மேடாக்ஸ் முன்மொழிந்த ஜெலட்டின் உலர்தகட்டின் வழியே படிப்படியாக நீங்கியது. அதன்பின் மங்கலான பொருள்களின் மீது மணிக்கணக்கில் ஒளியைச் சேர்க்க இயன்றது. நியூயார்க்கின் மருத்துவர் ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று 51 நிமிட ஒளிபடு நேரத்தில் ஓரியன் நெபுலாவைப் பதித்தார். 1883இல் கழிவுநீர்ப் பொறியாளர் ஆண்ட்ரூ காமன், தம் இல்லத்தின் 36 அங்குல எதிரொளிப்பியால் அதே நெபுலாவில் கண்ணுக்கே புலப்படாத விண்மீன்களைப் பதித்தார். 1888இல் லிவர்பூல் கட்டட ஒப்பந்தக்காரர் ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த ஆந்திரமேடாவின் படத்தில் சுருள் அமைப்பு வெளிப்பட்டது. உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு சூரியக் குடும்பத்தையே தாம் கண்டதாக அவர் கருதினார். படம் சரியாக இருந்தது. விளக்கம் மட்டுமே தவறியது. இம்மூவரும் ஆர்வலரே. மூவரும் செல்வந்தர், அல்லது செல்வத்துக்கு அருகிலிருந்தவர். டிரேப்பரின் மறைவுக்குப்பின் அவருடைய மனைவி ஆனா அளித்த நிதியே ஹார்வர்டின் விண்மீன் நிறமாலைப் பட்டியலைத் தாங்கியது என்பதையும் இங்கு மறந்துவிடலாகாது.

இந்தியாவுக்கான இழை வேறொரு வழியில் வருகிறது. 1882இன் பெரும் வால்நட்சத்திரம் தென்னாப்பிரிக்காவின் கேப் வானாய்வகத்துக்கு மேலே ஒளிர்ந்தபோது, அதன் தலைவர் டேவிட் கில் உள்ளூர் ஒளிப்படக்காரர் ஆலிஸ் என்பவரின் உதவியை நாடினார். ஆலிஸின் கேமராவைத் தொலைநோக்கியுடன் பிணைத்து, வானின் நகர்வைத் தொடர்ந்தபடி படங்கள் எடுக்கப்பட்டன. வால்நட்சத்திரம் அழகாகவே வந்தது. ஆயினும் கில்லின் கண்ணை ஈர்த்தது அதன் பின்னணியில் திரண்டு நின்ற எண்ணற்ற விண்மீன்களே. வானம் முழுவதையும் ஒளிப்படத்தால் வரைபடமாக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது அப்படங்களிலிருந்துதான். 1887இல் பாரிஸ் மாநாட்டில் 'கார்ட் து சியல்' என்னும் பன்னாட்டுத் திட்டம் பிறந்தது. வானம் பட்டைகளாகப் பிரிக்கப்பட்டு வானாய்வகங்களுக்குப் பங்கிடப்பட்டது. ஆலிஸின் பங்கைக் கில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். பிற்கால நூல்கள் அந்த நேர்மையைப் பின்பற்றவில்லை.

இத்திட்டம் ஐதராபாத்தை வந்தடைந்தது ஒரு பிரபுவின் பேரார்வத்தால். நவாப் சஃபர் ஜங், இங்கிலாந்திலிருந்து 15 அங்குல கிரப் தொலைநோக்கியை வரவழைத்து 1901இல் தம் மாளிகையில் தனியார் வானாய்வகம் அமைத்தார். 8 அங்குல குக் ஒளிப்படத் தொலைநோக்கியும் அந்நிறுவனத்தின் உடைமையாயிற்று. 1907இல் அவர் மறைந்தபின் நிஜாம் அரசு அதனை ஏற்றது. சிலி நாட்டின் சாண்டியாகோ வானாய்வகம் நிறைவேற்றாது விட்ட தென்வானப் பட்டை, அதாவது நடுவரை விலக்கம் −17 முதல் −23 பாகை வரையிலான பகுதி, ஐதராபாத்தின் பொறுப்பாயிற்று. 1914இல் படமெடுப்பு தொடங்கியது. அப்பகுதி முடிந்ததும், ஜெர்மனியின் போட்ஸ்டாம் முடிக்காத வடவானத்தின் +36 முதல் +39 பாகை வரையிலான பகுதியும் இங்கேயே எடுக்கப்பட்டது. ஐரோப்பியர் தலைமை வகித்த ஒரு திட்டத்தில், பிறர் கைவிட்ட வேலையை ஒரு சுதேச சமஸ்தானத்தின் வானாய்வகம் முடித்துக் கொடுத்தது. 'புறநிலத்து அறிவியல்' பற்றி நாம் நடத்தும் விவாதங்களில் இது ஏன் இவ்வளவு அரிதாகக் குறிப்பிடப்படுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

படமெடுப்பு சிறு பகுதியே. ஒவ்வொரு தகட்டையும் நுண்நோக்கியின்கீழ் வைத்து, ஒவ்வொரு விண்மீனின் இடத்தையும் அளந்து, எண்களாக எழுதி, கணித்துச் சரிபார்க்கவேண்டும். இப்பணி பல்லாண்டுகள் நீண்டது. வரலாறு சாட்வுட், போக்காக், பாஸ்கரன் ஆகிய இயக்குநர்களைப் பேசுகிறது. தகடுகளை அளந்த கைகளைப் பற்றிப் பேச்சில்லை. இந்நிலை ஐதராபாத்துக்கு மட்டும் உரியதன்று. வத்திக்கான் வானாய்வகத்தின் பட்டையில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்த நான்கு கன்னியாஸ்திரிகளின் பெயர்கள் 2016இல்தான் பரவலாக வெளிவந்தன.

நிஜாமியாவின் உதவியாளர் ஒருவரின் மகன் வேணு பாப்பு. சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்த அவர், தந்தை பணியாற்றிய வானாய்வகத்தின் சூழலில் மாணவப் பருவத்திலேயே வானியல் கற்றார். ஐதராபாத் அரசின் உதவித்தொகையுடன் ஹார்வர்டு சென்ற அவர், 1949 ஜூலை 2 அன்று எடுத்த தகட்டில் ஒரு புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டார். அது பாப்பு–போக்–நியூகிர்க் எனப் பெயர் பெற்றது. பின்னாளில் கொடைக்கானலின் இயக்குநராகவும் காவலூரின் நிறுவனராகவும் அவரை நாம் அறிவோம். ஆனால் ஒரு தகட்டில் எதைத் தேடவேண்டும் என்ற பயிற்சி, தந்தையின் பணியிடத்தில், அளவீடுகள் நடந்துகொண்டிருந்த கூடத்தின் அருகே தொடங்கியது என்பதே என் துணிபு.

அந்த அளவீடுகள் ஏட்டோடு முடியவில்லை. ஐரோப்பாவின் ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் தந்த புதிய இடங்களை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய இத்தகடுகளின் இடங்களோடு ஒப்பிட்டே 2000ஆம் ஆண்டின் டைக்கோ-2 பட்டியல் இருபத்தைந்து லட்சம் விண்மீன்களின் இயக்கத்தைக் கணித்தது. இன்று ஹான்லேயின் இருண்ட வானின்கீழ் வால்நட்சத்திரத்தைப் படமெடுக்கும் ஆர்வலர் ஒருவர், அப்படம் வானின் எப்பகுதி என அறிய அதனை 'ஆஸ்ட்ரோமெட்ரி டாட் நெட்' மென்பொருளிடம் தருகிறார். பரந்த கோணப் படங்களுக்கு அம்மென்பொருள் பயன்படுத்தும் சுட்டிக்கோப்புகளில் ஒரு தொகுதி டைக்கோ-2 பட்டியலிலிருந்து ஆக்கப்பட்டது. விடை சில வினாடிகளில் வந்துவிடுகிறது. அந்த விடையில் பேகம்பேட்டையில் யாரோ நுண்நோக்கியின்கீழ் அளந்து எழுதிய எண்களும் கலந்திருக்கின்றன.